திரும்பத் தாண்டிய கால்

எழுபத்திரண்டாம் சிறப்புப் பிரிவின் மருத்துவக் குழு கூடியிருந்த அறையின் வாசலில், நாயக் ஆவுடையப்பனின் இடது கால் நின்றுவிட்டது.

அவன் நிற்கச் சொல்லவில்லை. உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் காத்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டாயிற்று, "சார்!" என்று இவனும் கத்தியாயிற்று. கால் மட்டும் நிலைப்படியைக் கண்டதும் பிரேக் போட்டது. பிறகு செருப்பைக் கழற்றிவிடுகிற தோரணையில் மூன்று தரம் உதறியது. பூட்ஸ் கயிற்றை இறுகக் கட்டியிருந்ததால் கழலவில்லை. சரி, நம்மால் ஆனதைச் செய்தோம் என்பதுபோல் ஒரு நொடி நின்று, வலது காலை முதலில் உள்ளே போகவிட்டு, அதற்குப் பின்னால் அடக்கமாக நுழைந்தது.

ராணுவத்தில் எல்லா நடையும் இடது காலில்தான் தொடங்கும். வலது காலை எடுத்து வைத்து வருவதற்கு அது ஒன்றும் கல்யாண வீடு இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவர் கர்னல் ராணாவத் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். காலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

ஆவுடையப்பன் சமாளித்துக்கொண்டு விறைப்பாக நிற்கப் போனான். போன வேகத்தில் இடது பூட்ஸின் நுனி கர்னலின் பூட்ஸை உரசிவிட்டது. அவ்வளவுதான், கால் பூமியோடு பூமியாக இறுகிப்போனது. அது என்ன கேட்கிறது என்று அவனுக்குத் தெரியும். கொடுக்காமல் அது நகராது என்பதும் தெரியும். வேறு வழியில்லாமல் குனிந்து, கர்னலின் பூட்ஸைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கால் இளகியது.

கர்னல் உருகிப்போனார். "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவா!" என்று இந்தியில் சொல்லி, அவன் தோளைத் தட்டினார். "எழுதிக்கொள்ளுங்கள். உடல் பரிசோதனையில் தேறிவிட்டான்."

ஆனால் அது பாதித் தேர்ச்சிதான். உடம்பு ஆவுடையப்பனுடையது; கால் அரசாங்கத்துடையது. அதற்குத் தனி எண் உண்டு, தனிக் கோப்பு உண்டு, தனிப் பரீட்சையும் உண்டு. அவன் தேறிக் கால் தவறினாலும், கால் தேறி அவன் தவறினாலும் வேலை கிடையாது.

அந்தக் கால் வந்த கதையை ஆவுடையப்பன் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஊரில் கேட்பவர்களிடம் "எல்லையில" என்பான். எல்லைதான், பொய்யில்லை. எல்லையில், மலைப்பாதையில், உருளைக்கிழங்கு லாரி ஒன்று மண்சரிவில் கவிழ்ந்தது. லாரியின் பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தவன் அவன். எழுபத்திரண்டாம் பிரிவுக்கு அவனைத் தேர்ந்தெடுத்து உத்தரவு வந்து அப்போது பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பிரிவின் கறுப்புத் தொப்பிக்குத் தலை அளவுகூடக் கொடுத்திருந்தான்.

முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உத்தரவும் போய்விட்டது. கோப்பில் "வகை மூன்று: அலுவலகப் பணிக்கு மட்டும்" என்று முத்திரை குத்தி, அவனை முகாம் கேன்டீனில் சோப்பு எடுத்துக் கொடுக்க உட்கார வைத்தார்கள். சோப்பு கொடுப்பது கேவலம் என்று அவன் நினைக்கவில்லை. ஆனால் வருகிறவன் எல்லாம் முகத்தைப் பார்க்குமுன் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. முழு ஆளாக ஒருவன் தன்னைப் பார்க்க வேண்டும், அதற்கு அந்தக் கறுப்புத் தொப்பி வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. பழக்கத்தைத் தானே கற்கும் எந்திரக் கால் பொருத்திக்கொண்டவர்கள் மறுபடி தேர்வுக்கு வரலாம் என்று அறிவிப்பு வந்த அன்றே முதல் ஆளாக மனுப் போட்டான்.

எழுபத்திரண்டாம் பிரிவு இருக்கும் இடம் பரம ரகசியம். பெயரை வெளியில் சொல்லக் கூடாது. பஸ் கண்டக்டர் மட்டும் அந்தப் பெயரை உரக்கக் கத்தி ஆள் இறக்கிவிடுவார். முட்செடியும் பாறையுமான அந்த வளாகத்தின் கோடியில், தகரக் கூரை போட்ட பட்டறையில்தான் கால்களுக்கான பரீட்சை. அதற்கு அதிகாரி கேப்டன் துளசிமணி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், பொறியாளர். அவனுடைய காலைக் கழற்றி மேசையில் வைத்து, கம்பி மாட்டி, திரையில் ஓடிய கோடுகளை அரை மணி நேரம் பார்த்தார்.

"ஏனுங் நாயக், இந்தக் கால் என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நடக்குது மேடம்."

"நடக்கறதுக்கு நடுவால என்னமோ சாமி கும்புடுதே?"

ஆவுடையப்பன் ஒற்றைக் காலோடு நாற்காலியில் நெளிந்தான்.

"பாருங்க," என்றார் கேப்டன். "நீங்க நெனச்சு, நரம்பு சொல்லி, கால் அதைக் கேட்டு நடக்கறதுன்னா அதுக்குள்ள விழுந்துருவீங்க. அதனால இது உங்க பழக்கத்தக் கத்துக்குது. நீங்க நெனைக்கறதுக்கு முந்தியே எடுத்து வெச்சிருது. பெருவிரல் நுனியில மிளகு மாதிரி ஒரு கண்ணு இருக்குதில்லீங்க, வழியில என்ன கெடக்குதுன்னு பூட்ஸுத் தோல் வழியாவும் அதுல பாத்துக்குது. மொத நூறு நாள் பழகும். நூத்தியோராம் நாள் பூட்டிக்கும். அப்புறம் புதுசா எதையும் கத்துக்காது. மத்தவங்க எல்லாம் அந்த நூறு நாளும் முகாம் மைதானத்துல ஓடுனாங்க. நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

"வீட்ல மேடம். அம்மன் கோயில் கொட வந்துது. லீவு கேட்டேன், குடுத்துட்டாவ."

"நூறு நாளா கொடை நடந்துது?"

கொடைத் திருவிழா மூன்று நாளில் முடிந்துவிட்டது. மீதித் தொண்ணூற்றேழு நாளும் வீட்டுச் சாப்பாடுதான்.

திருநெல்வேலிக்கு மேற்கே இருக்கும் அந்த வீட்டில் முன்கூடமாக ஒரே ஒரு பட்டாசாலை, அதற்குப் பின்னால் அடுக்களை. இரண்டுக்கும் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே, நாலு வயது மகள் இசக்கி மத்தியானம் பாய் போட்டுத் தூங்குவாள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அவளைக் கடந்துதான் போக வேண்டும். ஆவுடையப்பன் பாட்டுக்குத் தாண்டிப் போவான். உடனே அடுக்களையிலிருந்து மனைவி பிரமசக்தியின் குரல் வரும்.

"புள்ளயத் தாண்டிட்டியளே! அவ வளர வேண்டாமா? திரும்பத் தாண்டுங்க!"

அவன் திரும்பத் தாண்டி வருவான். பிறகு சுவரோரமாகச் சுற்றிப் போவான். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இது நடக்கும். செருப்போடு நிலைப்படி மிதித்தால் ஒரு கத்தல். பள்ளிக்கூட நோட்டோ ஆளோ காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொல்லி ஒரு கத்தல். வெளியூர் போய் வந்தால் வலது காலை முன்னால் வைக்கச் சொல்லி ஒரு கத்தல். ஆவுடையப்பன் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டான். கால் ஒன்றையும் விடவில்லை.

முதல் வாரப் பயிற்சியில் கால் தன் கைவரிசையைக் காட்டியது. எதிரி ஒளிந்திருக்கும் கட்டடத்துக்குள் பாய வேண்டும் என்பது பயிற்சி. கதவை உதைத்துத் திறந்தான். திறந்த கதவின் முன்னால் நின்று மூன்று தரம் காலை உதறினான். எதிரி வேடம் போட்டு உள்ளே துப்பாக்கியோடு பதுங்கியிருந்த இரண்டு பேர் சிரித்த சிரிப்பில் ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. நிலைமை இதைவிட மோசமாகாது என்று ஆவுடையப்பன் நினைத்தான். மறுநாள் தாண்டும் பாதை வந்தது.

எழுபத்திரண்டாம் பிரிவின் உயிர்நாடி அந்தப் பாதைதான். மைதானச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும்: "விழுந்தவனைத் தாண்டு, வேலையை முடி." நாலு பேர் போகிற வேலையில் ஒருவனுக்காக மூன்று பேர் நின்றால் வேலை கெட்டு நாலு பேரும் சாவார்கள் என்பது கர்னலின் கணக்கு. அதில் பிழை சொல்லவும் முடியாது. அதனால் பாதை நெடுக ஆட்களைப் படுக்கப் போட்டு, அவர்கள் கதறக் கதறத் தாண்டி ஓடப் பழக்குவார்கள்.

கதறுவதில் மன்னன் சுபேதார் மொக்கராசு. உசிலம்பட்டிக்காரர். பஞ்சு வைத்த சட்டையும் இரும்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு பாதையின் குறுக்கே மல்லாந்து கிடந்து, "ஐயோ, என்னய விட்டுட்டுப் போறியேடா பாவி!" என்று அவர் போடுகிற சத்தத்தில் பாறையே கரையும். நிற்காமல் தாண்டியவனைப் பாராட்டுவார் என்றா நினைக்கிறீர்கள்? அவன் குலம் கோத்திரம் வரை இழுத்து வைது அனுப்புவார். அதுவும் பயிற்சியில் சேர்த்திதான்.

ஆவுடையப்பன் ஓடி வந்தான். தாண்டினான். கால் நின்றது, திரும்பியது, அவரைத் திரும்பத் தாண்டி வந்தது. பிறகு பாதையை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டு போனது.

மொக்கராசு கதறுவதை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "யோவ் காலு! என்னாய்யா என்னயவே சுத்திச் சுத்தி வர்ற? நான் என்னா கோயிலாய்யா?"

"மன்னிச்சுக்கிடுங்க சார். தாண்டுனா வளர மாட்டாவன்னு..."

"எனக்கு அம்பத்தொண்ணாகுதுய்யா! இனிமே எங்கிட்டு வளர?"

அன்று முதல் முகாமில் அவன் பெயர் "காலு" ஆகிவிட்டது. கர்னல் அவனைக் கூப்பிட்டார். பூட்ஸைத் தொட்டுக் கும்பிட்டவன் என்ற பிரியம் அவருக்கு இன்னும் போகவில்லை. "பத்து நாள் தருகிறேன். கடைசிப் பரீட்சையில் இந்த நடனம் இருக்கக் கூடாது. இருந்தால் நீ சோப்புக்கே போகலாம்," என்றார்.

கேப்டன் துளசிமணியிடம் ஒரு வழி இருந்தது.

"அழிச்சிரலாமுங்க. காலோட ஞாபகத்தச் சுத்தமாத் தொடைச்சிட்டா, தொழிற்சாலையில இருந்து வந்த மாதிரி ஆயிரும். முன்னால மட்டும் போகும். தாண்டச் சொன்னா தாண்டும். ஒரு வாரத்துல உங்க ஓட்டத்துக்குச் சுமாரா ஒட்டிக்கும். ஆனா ஒரே ஒரு தடவைதான் அழிக்க முடியும், அழிச்சா திரும்ப வராது."

"அழிச்சிருங்க மேடம்," என்றான் யோசிக்காமல்.

"இருங்க. படிவம் இருக்குது." அவர் ஒரு தாளை எடுத்தார். "இதுல 'காலைப் பழக்கிய பயிற்றுநர்' கையெழுத்துப் போடோணும். மத்தவங்களுக்கு முகாம் பயிற்றுநர் போட்டுக் குடுத்தாரு. உங்க காலைப் பழக்குனது யாருங்க?"

ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டான்.

"என்னது, அழிக்கணுமா?" என்றாள் பிரமசக்தி. "நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்திப் பழக்குனதுல்லா அது! ஒங்க சொந்தக் காலு முப்பத்திநாலு வருசமா பழகல. அது நூறு நாள்ல பழகிட்டு. அத அழிக்கணும்னா பழகாத கால அழிக்கச் சொல்லுங்க."

"பரீட்ச, பிரமு. கெடக்கிறவனத் தாண்டிட்டு நிக்காம ஓடணும். இது திரும்பத் திரும்பத் தாண்டுது."

"கெடக்கிறவனத் தாண்டிட்டுப் போயிரணுமா? திரும்பிப் பாக்காண்டாமா?"

"வேண்டாம்னுதான் செவுத்துலயே எழுதிப் போட்டிருக்கு."

போனில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நீங்க உருளக்கெழங்கு மூட்டைக்கு அடியில கெடந்திய. ஒங்களயும் எல்லாரும் தாண்டித்தான் போயிருப்பாவ, இல்லையா?"

"ஒருத்தன் திரும்பி வந்தான். சமையக்காரன்."

"நல்லா இருக்கட்டும் அந்த மனுசன்."

"கரண்டிய விட்டுட்டுப் போயிட்டான். அத எடுக்க வந்தவன் என்னயப் பாத்துட்டான்."

பிரமசக்தி சிரித்தாள். சிரித்த மாதிரியும் இருந்தது, மூக்கை உறிஞ்சிய மாதிரியும் இருந்தது. பிறகு சொன்னாள்: "தாளை அனுப்புங்க, கையெழுத்துப் போடுதேன். ஆசப்பட்டது ஒங்களுக்குக் கெடைக்கட்டும். தொப்பி போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, இசக்கி கேட்டுக்கிட்டே இருக்கா."

படிவம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "பயிற்றுநர்: ஆ. பிரமசக்தி" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கேப்டன் அதைக் கோப்பில் வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். அரை நிமிடத்தில் நூறு நாள் போய்விட்டது.

புதுசாய்ப் போன கால் நன்றாகத்தான் நடந்தது. வாசலில் நிற்கவில்லை, உதறவில்லை, யார் பூட்ஸை உரசினாலும் கவலைப்படவில்லை. கட்டடப் பயிற்சியில் புயலாகப் பாய்ந்தது. சாப்பாட்டு அறை வாசலில் நுழையும்போது மட்டும் ஆவுடையப்பன் தானாகவே ஒரு நொடி நின்று, கால் உதறுவதற்காகக் காத்திருந்தான். அது உதறவில்லை. வீட்டிலிருந்து யாரோ கிளம்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. இதற்கெல்லாம் போய் வருத்தப்படுவார்களா என்று தன்னையே வைதுகொண்டான்.

கடைசிப் பரீட்சை பன்னிரண்டு கிலோமீட்டர். முதுகில் இருபது கிலோ மூட்டை. ஆளுக்குப் பத்து நிமிட இடைவெளியில் தனித்தனியாக ஓடவேண்டும். யாரிடமும் வயர்லெஸ் கிடையாது. எட்டாவது கிலோமீட்டரில் தாண்டும் பாதை. இருபத்திரண்டு பேரில் ஆவுடையப்பன் கடைசி. அவன் முறை வரும்போது மணி பன்னிரண்டாகியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

எட்டு கிலோமீட்டரையும் கால் அலுங்காமல் ஓடிக் கொடுத்தது. நேரம் கையில் மிச்சமிருந்தது. பாதையில் முதல் ஆள் கிடந்து கதறினார், தாண்டினான். இரண்டாம் ஆள் அம்மா என்றார், தாண்டினான். மூன்றாவதாக மொக்கராசு கிடந்தார். வழக்கம்போல் மல்லாந்து, இரும்புத் தொப்பி முகத்தில் சரிந்து கிடந்தார். அவரையும் தாண்டினான்.

மூன்று அடி முன்னால் போய்விட்டான். நாலாவது அடி எடுக்கும்போது உடம்பு திரும்பிவிட்டது.

"அழிச்சாச்சுன்னு சொன்னாங்களே, மறுபடி ஆரம்பிச்சுட்டியா சனியனே!" என்று காலைத் திட்டிக்கொண்டேதான் திரும்பி வந்தான். மொக்கராசைத் திரும்பத் தாண்டினான். அவசரத்தில் பூட்ஸ் நுனி அவர் தோளில் பட்டுவிட்டது. குனிந்து தொட்டான், கண்ணில் ஒற்றிக்கொள்ள.

தொட்ட விரல் சுட்டது. தோசைக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. இரும்புத் தொப்பியை விலக்கினான். மொக்கராசின் கண் செருகியிருந்தது. வேர்வை ஒரு சொட்டு இல்லை. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. காலை எட்டரை மணியிலிருந்து பஞ்சுச் சட்டைக்குள் கிடந்து கதறிக் கொண்டிருந்த மனிதர், எப்போதோ கதறுவதை நிறுத்தியிருந்தார். நிறுத்தியதை நடிப்பு என்று நினைத்து எத்தனை பேர் தாண்டினார்களோ தெரியவில்லை.

ஆவுடையப்பன் தன் மூட்டையைக் கழற்றி எறிந்தான். பஞ்சுச் சட்டையைக் கிழித்தெடுத்தான். மற்ற இரண்டு ஆட்களையும் கத்திக் கூப்பிட்டான். அவனும் பரீட்சையில் நடிக்கிறான் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகக் கதறினார்கள். நின்று விளக்க நேரமில்லை. குப்பியில் இருந்த தண்ணீரையெல்லாம் அவர் தலையில் ஊற்றி, ஆளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். மொக்கராசு எழுபது கிலோவுக்குக் குறையமாட்டார். நாலு கிலோமீட்டர் பாறை வழி. "சார், ஏதாவது திட்டுங்க சார், ஒரு வார்த்த திட்டுங்க," என்று வழிநெடுகக் கெஞ்சிக்கொண்டே போனான். கடைசி மேட்டில்தான் முதுகுக்குப் பின்னாலிருந்து "காலு..." என்று ஈனமாக ஒரு குரல் வந்தது. ஆவுடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

பரீட்சையின் முடிவுக் கோட்டில் அவன் கால் வைத்தபோது ஒன்பது நிமிடம் தாமதம்.

மொக்கராசு பிழைத்துவிட்டார். டாக்டர், இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அன்று தேறியவர்கள் இருபத்தொரு பேர். ராத்திரிச் சாப்பாட்டில் அவர்களுக்காகப் பாயசம் வைத்திருந்தார்கள், பாதிப் பேர் தொடவில்லை. ஒருவன் ஆவுடையப்பனிடம் வந்து, "நானும் தாண்டினேன் அண்ணே. சத்தமில்லாம கெடந்தாரு. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

மறுநாள் கர்னல் அவன் முகத்தைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்துப் பேசினார். நேரம் நேரம்தான், விதி விதிதான், இன்று உனக்காக வளைத்தால் நாளை யாருக்கு வளைப்பது என்றார். "தகுதி பெறவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடினார். ஆவுடையப்பன் சல்யூட் அடித்துவிட்டு, காலைச் சோதிக்கச் சொல்லிப் பட்டறைக்குப் போனான்.

"கால் மறுபடி பழச ஆரம்பிச்சிட்டு மேடம். சரியா அழிபடல."

கேப்டன் கம்பியை மாட்டித் திரையைப் பார்த்தார். முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் அழிஞ்சிருக்குதுங்க. எட்டாவது கிலோமீட்டர்ல கால் முன்னால போகத்தான் பாத்திருக்குது. உங்களோட வலது கால்தான் ஊனித் திரும்பிருக்குது. இது பின்னால சும்மா இழுபட்டு வந்திருக்குது. தொட்டுக் கும்பிட்டீங்களே, அப்பவும் இது நிக்கவே இல்லீங்க. நீங்கதான் நின்னீங்க."

ஆவுடையப்பன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். முப்பத்திநாலு வருசமாகப் பழகாத கால்.

ஊருக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மொக்கராசைப் பார்த்தான். கட்டிலில் கிடந்தவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னாலதான்யா உனக்குத் தொப்பி போச்சு. எப்படிய்யா கண்டுபிடிச்ச?"

"நீங்க திட்டல சார். ஒரு நாளாவது என்னயத் திட்டாம விட்டிருக்கியளா?"

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் ஒரு ராணுவ லாரி வந்து நின்றது. லாரியைக் கண்டதும் ஆவுடையப்பன் வழக்கம்போல் சுவரோரம் ஒதுங்கினான். முன் இருக்கையிலிருந்து கேப்டன் துளசிமணி இறங்கினார். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பிரமசக்தியிடம் போய் விறைப்பாக நின்றார்.

"பயிற்றுநர் பிரமசக்தி நீங்கதானுங்களா?"

"நான் பிரமசக்திதான். பயிற்றுநரு யாருன்னு தெரியலியே."

"படிவத்துல நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. ராணுவத்துல எழுதிட்டா எழுதுனதுதான்." உறையை நீட்டினார். "அடிபட்டவங்களத் தூக்கிட்டு வர்றதுக்கு எந்திரம் வாங்கியிருக்குதுங்க. நாலு காலுல நடக்கும். முகாம்ல பழக்கிப் பாத்தோம். முன்னால மட்டும்தான் போகுது, எவனையும் திரும்பிப் பாக்க மாட்டேங்குது. உங்க வீட்டுக்காரர் காலோட பழைய ஞாபகம் இருந்தா அப்படியே ஏத்திருப்பேன், அதைத்தான் நானே அழிச்சுப்போட்டேனே. கடைசியில கர்னலே சொல்லிட்டாரு, அந்தக் கால் எங்க பழகுச்சோ அங்கயே நூறு நாள் பழகட்டும்னு."

லாரியின் பின்கதவு திறந்தது. கன்றுக்குட்டி உயரத்தில் நாலு எந்திரங்கள் வரிசையாக இறங்கின. தெருவே கூடிவிட்டது.

பிரமசக்தி கீரைக் காம்பைக் கீழே போட்டாள். "நாலா? இந்த வீட்லயா? எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணுமே."

"அதுக்கும் உத்தரவு இருக்குதுங்க." கேப்டன் இரண்டாவது உறையை ஆவுடையப்பனிடம் கொடுத்தார். எழுபத்திரண்டாம் சிறப்புப் பிரிவு. வகை ஒன்று. பதவி: பயிற்றுநரின் உதவியாளர். பணியிடம்: அவன் சொந்த வீட்டு விலாசம். உறைக்குள் மடித்து வைத்த கறுப்புத் தொப்பி ஒன்றும் இருந்தது. தலைக்குச் சரியாக இருந்தது. பழைய அளவை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"செவுத்துல எழுதுனத மாத்திட்டாங்களா மேடம்?" என்று மெல்லக் கேட்டான்.

"அது அப்படியேதான் இருக்குதுங்க. சுபேதாரு அதுக்கு அடியில சாக்பீஸ்ல 'திரும்பி வா'ன்னு எழுதி வெச்சிருக்கறாரு. கர்னல் தெனமும் அந்த வழியாத்தான் போறாரு. அழிக்கச் சொல்லல."

எதிர்வீட்டு அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொப்பியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "ஏ ஆவுடை, பெரிய படையிலல்லா சேந்திருக்க! இன்னைக்காவது சொல்லுடே. எந்தச் சண்டையில போச்சு இந்தக் காலு?"

ஆவுடையப்பன் தொப்பியைச் சரி செய்துகொண்டான். "உருளக்கெழங்கு லாரி கவுந்துட்டு அண்ணாச்சி," என்றான். சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிவிட்டது. அண்ணாச்சி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். இவன் சிரித்த பிறகு அவரும் சிரித்தார்.

அதற்குள் முதல் எந்திரம் நிலைப்படியைக் கடந்து உள்ளே போய்விட்டது. மின்விசிறிக்குக் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்த இசக்கியை நாலு காலாலும் பூப்போலத் தாண்டி, அடுக்களைப் பக்கம் நடந்தது.

"புள்ளயத் தாண்டிட்டே!" என்று பிரமசக்தி போட்ட கத்தலில் எந்திரம் அப்படியே நின்றது. நின்றதே தவிர, அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

ஆவுடையப்பன் வாசலில் செருப்பைக் கழற்றினான். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனான். எந்திரம் பார்க்கும்படியாக மகளை ஒரு தடவை தாண்டினான். பிறகு நிதானமாகத் திரும்பத் தாண்டினான். எந்திரம் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் அதுவும் திரும்பித் தாண்டி வந்து அவன் பக்கத்தில் நின்றது.

முதல் நாள் பாடம் முடிந்தது. இன்னும் தொண்ணூற்றொன்பது நாள் இருந்தது.